நாடகம் முடிந்த இரவும் நடிகரின் குரலும்

கேள்வி: நான் ஒரு சிறிய நாடகக் குழுவில் உதவி இயக்குநராக இருக்கிறேன். எங்கள் புதிய நாடகத்துக்கு வெள்ளி இரவு ஒன்று, சனிக்கிழமை பகலும் இரவும், ஞாயிறு மாலை ஒன்று என வாரக் கடைசியில் நான்கு காட்சிகள். முதன்மைப் பாத்திரம் ஏற்றிருப்பவர் இரண்டு இடங்களில் உச்சக் குரலில் கத்தி அழ வேண்டும். வெள்ளி இரவே அவருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. சனிக்கிழமை இரவுக் காட்சியில் வசனங்களின் கடைசிச் சொற்கள் வெறும் காற்றாகப் போகின்றன. வேறு இருவர் தொண்டை வலி என்கிறார்கள். முழு மௌனம் இருந்தால் சரியாகும் என்கிறார் ஒருவர். கத்திக் கத்தித்தான் தொண்டை பழகும் என்கிறார் எங்கள் மூத்த நடிகர். இன்னொருவர் மேடையேறும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். காட்சிக்குப் பிறகு இவர்கள் குரலைத் தேற்றிக்கொள்ள நான் என்ன செய்ய முடியும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். காட்சி முடிந்து இறங்கி வரும் நடிகரால் தன் குரலின் நிலையைச் சரியாகக் கணிக்க முடியாது. உடம்பில் பரபரப்பு அடங்கியிருக்காது. ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். குரல்நாண் வீங்கினால் உடனே வலிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பலருக்கு மறுநாள் காலை வாயைத் திறக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே அந்த ஒரு மணி நேரம் அவருக்காக வேறொருவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆளாக இருக்க நீங்கள் முன்வந்திருப்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. நடிகர்களுக்குக் குரல் சிகிச்சை அளித்துவரும் எனக்கு, இப்படி ஒருவர் கூடவே இருக்கும் குழுக்களும் இல்லாத குழுக்களும் எப்படி வேறுபடுகின்றன என்பது நன்றாகத் தெரியும்.

முதலில், குரல் களைத்துப்போவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்களும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவே நீளமுள்ள சிறு மடிப்புகள். அடியில் தசை, அதன் மேல் ஜெல் போன்ற மிக மென்மையான ஓர் அடுக்கு, அதையும் மூடி மெல்லிய தோல். பேசும்போது இவை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு நூற்றுச் சொச்சம் முறை, பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறை. ஒரு நடிகை மேடையில் மொத்தம் அரை மணி நேரம் குரல் எழுப்பினாலே மூன்றரை லட்சம் மோதல்களைத் தாண்டிவிடும். உச்சக் குரலில் கத்தும்போது எண்ணிக்கையும் கூடும், ஒவ்வொரு மோதலின் வேகமும் கூடும். அந்த மென்மையான அடுக்கு நீர் கோத்து வீங்குகிறது. வீங்கிய நாண் சீராக அதிர மறுக்கிறது. அதை அதிர வைக்க நடிகர் இன்னும் அதிகக் காற்றைத் தள்ளுகிறார். கழுத்துத் தசைகளும் உதவிக்கு வந்து இறுகிக்கொள்கின்றன. உங்கள் முதன்மை நடிகரின் வசன முடிவுகள் காற்றாகப் போவது இதனால்தான். வாக்கியத்தின் கடைசியில் மூச்சழுத்தம் குறையும்போது வீங்கிய விளிம்புகள் ஒலிப்பதை நிறுத்திவிடுகின்றன.

ஆகக் களைப்பில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: தசையின் களைப்பு, மேலடுக்கின் வீக்கம். தசை பயிற்சியால் வலுப்படும். அந்த அளவில் உங்கள் மூத்த நடிகர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மேலடுக்கு அப்படிப் பழகாது. அது ‘பழகும்’ ஒரே விதம், மோதல் அதிகமாக விழும் நடுப்பகுதியில் தடித்துக் காய்த்துப்போவது. குரல்நாண் முடிச்சு என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். அவர் சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். இளையவர்களை அதன்படி நடக்க விடாதீர்கள்.

இனி உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். இரண்டு மணி நேரம் உரக்க வாசிக்க வைத்து, அதன் பிறகு குரல் எப்படி மீள்கிறது என்று அமெரிக்காவில் எரிக் ஹண்டரும் இங்கோ டீட்ஸேயும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். குரல் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்ப 12 முதல் 18 மணி நேரம் ஆகிறது என்பது அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. அதுவும் வாசிப்புக்குத்தான், கத்தி அழுவதற்கு அல்ல. உங்கள் வெள்ளி இரவுக் காட்சி பத்து மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சனி பகல் மூன்று மணிக்குள் 17 மணி நேரம் கிடைக்கிறது. அந்த இரவை ஒழுங்காகக் கழித்தால் போதுமானது. சனி பகல் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் நடுவில் என்ன கிடைக்கிறது? இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. எந்த மருந்தாலும் எந்தப் பயிற்சியாலும் அந்த இடைவெளியில் வீக்கத்தை முழுவதும் வற்றவைக்க முடியாது. சனி இரவு அவர் குரல் உடைவதற்கு அவருடைய திறமைக் குறைவு காரணமில்லை. இதை அவரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். பல நடிகர்கள் இதை எண்ணி வெட்கப்பட்டு, மறைத்து, இன்னும் வலிந்து கத்துகிறார்கள்.

இப்போது இரவுகளைப் பற்றி. நான் பார்த்த அளவில், நடிகரின் குரலுக்கு நேரும் சேதத்தில் ஒரு பெரிய பங்கு திரை விழுந்த பிறகு நேர்கிறது. என்னிடம் வந்த ஒரு நடிகர் மேடையில் மிகவும் கவனமானவர். மூச்சு, நிற்கும் விதம், சொல்லை எறியும் விதம் எல்லாமே அழகாக இருக்கும். ஆனால் காட்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்வார்கள். இஞ்சின் சத்தம், பாட்டுச் சத்தம், அதற்கு மேல் பேச்சு, சிரிப்பு. சுற்றுச் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே நம் குரல் உயரும். பிரெஞ்சு மருத்துவர் எதியேன் லொம்பார் 1911இல் எடுத்துச் சொன்ன இயல்பு இது. ‘மெதுவாகப் பேசு’ என்று நடிகருக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. சத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். அந்த வேனில் பாட்டை நிறுத்தி, அவரை முன் இருக்கையில் உட்கார வைத்ததிலேயே அவருடைய காலைக் கரகரப்பு பாதிக்கு மேல் குறைந்தது. சிகிச்சை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

எனவே உங்கள் முதல் வேலை வாசலில் நிற்பது. பாராட்ட வருபவர்களை அன்போடு வரிசைப்படுத்துங்கள். முதன்மை நடிகர் புன்னகையோடு கைகூப்பிவிட்டு உள்ளே போகட்டும். கூட்டமும் கொண்டாட்டமும் ஞாயிறு இரவுக்கு இருக்கட்டும். அதோடு, மேடையில் புகை இயந்திரம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தக் காற்றிலிருந்தும் அவரைச் சீக்கிரம் வெளியே கொண்டுவாருங்கள். தொண்டை வறட்சிக்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளே போனதும் பத்து, பதினைந்து நிமிடம் குரலைத் தணிக்கும் பயிற்சி. வேகமாக ஓடிவந்தவர் சட்டென்று உட்காராமல் கொஞ்சம் நடந்து தணிவதைப் போல. இதற்கு ஒரு தம்ளர், பாதியளவு தண்ணீர், ஓர் உறிஞ்சுகுழல் (ஸ்ட்ரா) போதும். ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் மூழ்க வேண்டும். உதடுகள் அதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் மூடியிருக்க, கன்னங்கள் தளர்ந்திருக்க, ‘ஊ’ என்று தன் இயல்பான பேச்சுக் குரலில், மெல்ல ஒலிக்கச் சொல்லுங்கள். குமிழ்கள் சீராகக் கொப்பளிக்க வேண்டும்; கன்னமும் உதடும் லேசாக அதிரும். குமிழ் வருகிறது, ஆனால் குரல் கேட்கவில்லை என்றால் வெறுமனே ஊதுகிறார் என்று பொருள். குமிழ் ஆவேசமாகத் தெறித்தால் அழுத்தம் அதிகம். இரண்டு மூன்று நிமிடம் ஒரே சுருதியில் செய்த பிறகு, வசதியான ஒரு மேல் சுருதியிலிருந்து கீழே சறுக்கி இறங்கட்டும். மேலே ஏறுவதைவிட இறங்குவதே இப்போது முக்கியம். மூச்சு முட்டும்வரை இழுக்கக் கூடாது. தலை சுற்றினால் சற்று நிறுத்திவிட்டுத் தொடரலாம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. குழாயின் மறுமுனையில் இருக்கும் தடையால் வாய்க்குள் காற்றழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் குரல்நாண்களை லேசாக விலக்கிப் பிடித்துக்கொள்வதால், அவை மோதும் விசை குறைந்து, ஆனாலும் அதிர்வு தொடர்கிறது. பின்லாந்தில் 1960களில் கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் வைத்துச் செய்த சிகிச்சைதான் இன்று ஸ்ட்ராவாகப் பல நாட்டு ஒப்பனை அறைகளிலும் புழங்குகிறது. அதன் பிறகு சில நிமிடம் வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகட்டும். அதிர்வு தொண்டையில் இல்லாமல் உதட்டிலும் மூக்குத் தண்டிலும் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று முதல் இருபது வரை தன் சொந்தக் குரலில், பாத்திரத்தின் குரலில் இல்லாமல், எண்ணச் சொல்லுங்கள். கனத்த குரலிலோ கீச்சுக் குரலிலோ இரண்டு மணி நேரம் வாழ்ந்தவர் அதே சுருதியில் வீடுவரை பேசிக்கொண்டு போவார். தானே அதைக் கவனிக்க மாட்டார். நீங்கள் எதிரே உட்கார்ந்து கேட்டால் உங்களுக்குத் தெரியும்.

கழுத்து இறுகியிருந்தால், குரல்வளையின் இரு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மென்மையாக வைத்துக் கீழ்நோக்கி மெதுவாக நீவிவிடலாம். நடிகர் தானே செய்துகொள்ள வேண்டும். நாடி துடிக்கும் இடத்தை அழுத்தக் கூடாது. வலித்தால் விட்டுவிட வேண்டும். தாடையைத் தளர்த்தி ஒரு கொட்டாவி விடுவதும் இதே வேலையைக் கொஞ்சம் செய்யும்.

மௌனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்று இரவு அதிகம் பேசாமல் இருப்பது மிக நல்லது. தூங்கும் நேரம் எல்லாம் இலவச ஓய்வு. ஆனால் ‘மூன்று நாள் ஒரு சொல் பேச மாட்டேன்’ என்ற கடும் விரதம் சாதாரணக் களைப்புக்குத் தேவையில்லை. 2012இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒன்பது பேரின் குரலைச் சத்தமாகப் பயன்படுத்த வைத்துக் களைப்படையச் செய்து, சிலரை மௌனமாகவும் சிலரை மென்மையான அதிர்வுப் பயிற்சி செய்யவும் வைத்தார்கள். மறுநாள் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களுக்கு அழற்சி குறைந்திருந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. ஒன்பது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் அது காட்டும் திசை என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. குறைவான பேச்சு, நடுநடுவே ஐந்து நிமிடம் ஸ்ட்ரா. இதுவே நான் எல்லோருக்கும் எழுதிக்கொடுப்பது.

மௌனம் என்ற பெயரில் கிசுகிசுப்பது வேண்டவே வேண்டாம். 2006இல் 100 பேரின் தொண்டைக்குள் கருவியால் பார்த்தபோது, கிசுகிசுக்கும்போது பெரும்பாலோருக்குக் குரல்நாண்களுக்கு மேலுள்ள பகுதி இன்னும் இறுகுவது தெரிந்தது. பேச வேண்டுமானால் மெல்லிய, காற்றுக் கலந்த, ஆனால் ஒலியுள்ள குரலில் பேசட்டும். இல்லாவிட்டால் கைப்பேசியில் எழுதிக் காட்டட்டும். செருமுவதும் கனைப்பதும்கூட அப்படித்தான். களைத்த தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும், செருமத் தோன்றும், செருமினால் வீக்கம் கூடும், மறுபடியும் ஒட்டியதுபோல் இருக்கும். அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர், அல்லது எச்சிலை அழுத்தி விழுங்குவது போதும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் தண்ணீரை நீட்டுங்கள். சொல்லித் திருத்துவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

தண்ணீர் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. குடிக்கும் தண்ணீர் குரல்நாண் மேல் படுவதில்லை. பட்டால் புரை ஏறும். அது ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போய்த்தான் அங்கே ஈரம் சேர்க்க வேண்டும். எனவே இடைவேளையில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிடக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது முக்கியம். மேற்பரப்பை நேரடியாக நனைப்பது ஆவி. பகல் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் நடுவில் ஐந்து முதல் பத்து நிமிடம் வெதுவெதுப்பான ஆவி பிடிக்கலாம். மருந்து, தைலம் எதுவும் சேர்க்க வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆவி பிடிக்கும் கருவியோ, சூடான தண்ணீர் ஓடும் மூடிய குளியலறையோ பாதுகாப்பானது. மெந்தால் மிட்டாய்கள் சில்லென்ற உணர்வைத் தந்து களைப்பை மறைக்கின்றன. அந்தத் தெம்பில் நடிகர் கத்துவார்.

அதே காரணத்துக்காகத்தான் அந்த மாத்திரையும் என்னைக் கலங்கவைக்கிறது. அவர் எதைப் போட்டுக்கொள்கிறார் என்று இன்றே கேளுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரினின் விளைவு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். வீங்கிய குரல்நாணில் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிந்து நிற்கும் நேரத்தில் உச்சக் குரலில் கத்தினால், அவற்றில் ஒன்று வெடித்து உள்ளேயே ரத்தம் கசியக்கூடும். கருவியின் வழியே அதைப் பார்த்தால், வெண்மையாக இருக்க வேண்டிய நாண் ஒரு பக்கம் முழுக்கச் செக்கச் செவேலென்று கிடக்கும். வாரக்கணக்கில் மேடை கிடையாது. இதய நோய்க்காகவோ வேறு காரணத்துக்காகவோ மருத்துவர் ஆஸ்பிரின் தந்திருந்தால் தானாக நிறுத்தக் கூடாது. அவரிடமே பேச வேண்டும். தலைவலிக்கும் உடல்வலிக்கும் என்றால் பாராசிட்டமாலில் இந்த ரத்தக் கசிவு ஆபத்து இல்லை. ஆனால் தொண்டையே வலிக்கிறது என்றால் வலியை மறைத்துக்கொண்டு மேடையேறக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ ‘இந்த ஒரு காட்சிக்கு மட்டும்’ என்று யாராவது பரிந்துரைத்தால், குரல்நாணைக் கண்ணால் பார்க்காத எவரிடமிருந்தும் அதை வாங்க வேண்டாம்.

இரவுச் சாப்பாடு இன்னொரு மறைமுகக் காரணம். காட்சி முடிந்து பதினொரு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால், வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்பகுதியை அரிக்கும். காலையில் எழும்போது கசப்பும் கரகரப்பும் சேர்ந்து இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். முக்கியமான உணவைக் காட்சிக்குச் சில மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, பிறகு கொஞ்சமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை குரல் தேறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் நடிகர் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார். எங்கள் துறையில் 1990 முதல் புழங்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பழகிய ஒரு சிறு மெட்டின் இரண்டு வரியை, மிக மிக மெல்லமாக, தன்னால் எட்ட முடிந்த உயரமான சுருதியில் பாடச் சொல்லுங்கள். பாடத் தெரிய வேண்டிய அவசியமில்லை. சத்தமாகப் பாடினால் வீக்கம் ஒளிந்துகொள்ளும். மெல்லப் பாடும்போதுதான் வெளிப்படும். முதலில் காற்று வந்து கொஞ்சம் தாமதித்துக் குரல் வருகிறதா, நடுவில் அறுகிறதா, வழக்கமாக எட்டும் சுருதியை எட்டாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். நல்ல ஓய்வில் இருக்கும் ஒரு நாளில் ஒவ்வொருவரையும் கைப்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொண்டால் ஒப்பிட எளிது. வழக்கமான உயரம் கிடைக்கவில்லை என்றால் வீக்கம் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இயக்குநரிடம் போய்ப் பேச உங்கள் கையில் இருக்கும் சான்றும் அதுவே.

பேச வேண்டியவை இருக்கின்றன. சனிக்கிழமை இரண்டு காட்சியும் தவிர்க்க முடியாதது என்றால், பகல் காட்சியில் அந்த இரண்டு கத்தலில் ஒன்றையாவது வேறு விதமாக அமைக்க முடியுமா என்று கேளுங்கள். சத்தம் வராத கதறல், முதுகைக் காட்டி நின்று உடலால் குலுங்குவது, இசையோ மற்றவர்களின் கூக்குரலோ மேலே ஏறிக்கொள்ள நடிகர் பாதிக் குரலில் கத்துவது. இவை சமரசம் என்று நான் நினைக்கவில்லை. நல்ல இயக்குநர்கள் இவற்றை விரும்பியே செய்கிறார்கள். முழுக் குரல் கத்தல் கட்டாயம் என்றால், தொண்டையை இறுக்காமல் கத்துவதைக் கற்றுத்தரும் பயிற்சியாளரிடம் ஓரிரு வகுப்புகளுக்கு அனுப்புங்கள். காட்சி நாட்களில் காலை ஒத்திகை வேண்டியிருந்தால் வசனத்தை முணுமுணுத்து இடம் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். கத்தும் காட்சியை ஒத்திகையில் தினமும் முழுக் குரலில் செய்து பார்ப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை மேடையேறும் முன்பே அவர் பாதிக் குரலைச் செலவழித்திருக்கக்கூடும் என்பது என் சந்தேகம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. கத்தும் அந்த நொடியில் ‘படக்’கென்று குரல் மாறிப்போனால், அல்லது திடீரென்று முற்றிலும் போய்விட்டால், அது ரத்தக் கசிவாக இருக்கலாம். அப்போது மட்டும் நான் முழு மௌனம் சொல்வேன்: ஒரு சொல்லும் இல்லை, ஸ்ட்ராவும் இல்லை, நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவர். மூச்சு விடச் சிரமம், விழுங்கும்போது வலி, எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, இவையும் அப்படியே. மற்றபடி கரகரப்பு நான்கு வாரத்தில் போகாவிட்டால் குரல்வளையை நேரில் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2018 வழிகாட்டுதல். குரலை நம்பித் தொழில் செய்பவர்களை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் முதன்மை நடிகருக்கு ஒவ்வொரு வாரமும் இது திரும்பத் திரும்ப வருவதால், இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்ட்ரோபோஸ்கோப் வசதி உள்ள இடமாகப் பார்த்துச் செல்லுங்கள். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரும் நாணை மெதுவாக ஓடும் படமாக அது காட்டும். சாதாரண விளக்கில் தெரியாத விறைப்பும் சிறு வீக்கமும் அதில் தெரிந்துவிடும். கூடவே நீங்களும் போனால் நல்லது. அவர் மேடையில் என்ன செய்கிறார் என்பதை மருத்துவரிடம் விவரிக்க ஆள் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கு முன்பே அவருடைய ஓய்வுநாள் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு சனி காலை, சனி பகல் காட்சி முடிந்ததும், ஞாயிறு காலை என மூன்று முறை அதே மெட்டைப் பதிவு செய்து, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கைப்பேசியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.